எருசலேம் யாருடைய நகரம்?

இவ்வாண்டு எங்கள் சரித்திர மன்றம் நடத்திய வினாடி வினாப் போட்டியில், "இஸ்ரேல் நாட்டின் தலைநகர் எது?" என்று ஒரு கேள்வி வந்தது. ஓர் அணி "டெல் அவிவ்" என்றது. மற்றோர் அணி "எருசலேம்" என்றது. இரு அணியினரும் தத்தம் விடையே சரியென்று சாதித்தனர். ஒருத்தி நூலகத்துக்கு ஓடித் தேசப்படப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு விடை இருந்தது. இன்னொருத்தி கொண்டுவந்த பொது அறிவுப் புத்தகத்தில் வேறு விடை இருந்தது. நடுவராக இருந்த எங்கள் சரித்திர ஆசிரியை இருவர் மதிப்பெண்ணையும் நிறுத்தி வைத்து, "விடையை நீங்களே தேடி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படித் தேடியபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

எருசலேம் நமக்குப் புதிய ஊரன்று. தவக்காலத்து வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளில் நாம் மனத்தால் நடப்பது அந்த ஊர்த் தெருக்களில்தான். நம் ஆண்டவர் பாடுபட்டு, மரித்து, உயிர்த்தெழுந்த இடத்தில் திருக்கல்லறை ஆலயம் நிற்கிறது. யூத மக்களுக்கோ அது தாவீது அரசரின் நகரம். அவர்களுடைய பழைய தேவாலயம் நின்ற மேட்டின் மேற்குச் சுவரில் நெற்றியை வைத்து இன்றும் செபிக்கிறார்கள். அதே மேட்டின்மேல்தான் அல் அக்சா பள்ளிவாசல் இருக்கிறது. மெக்காவுக்கும் மதீனாவுக்கும் அடுத்தபடியாக இஸ்லாமியர் போற்றும் புனித இடம் அது. இத்தனையும் அடங்கிய பழைய நகரின் பரப்பு, மதிலுக்குள் அளந்தால், ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

இந்த நகரம் யாருக்குச் சொந்தம் என்பதைச் சர்வதேசச் சட்டத்தின் கண்கொண்டு பார்க்குமுன் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நிலத்துக்கு ஒருவர் வேலி போடலாம், தென்னங்கன்று வைக்கலாம், வீடும் கட்டலாம். ஆனால் பத்திரம் யார் பெயரில் என்று கேட்டால் அது வேறு பேச்சு. கைவசம் வேறு, உரிமை வேறு. நம் நாட்டுச் சட்டத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் தடையின்றி அனுபவித்து வந்தவர் அனுபவ பாத்தியதை கேட்கவாவது வழியுண்டு. நாடுகளுக்கிடையே போரில் பிடித்த நிலத்துக்கு அந்த வழியும் இல்லை. பழைய காலத்தில் வாளால் வென்றவன் நாட்டுக்கு உடையவன் ஆனான். 1945-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சாசனம் எழுதப்பட்டபின் அந்த வழக்கம் செல்லாததாயிற்று. பலாத்காரத்தால் பிறருடைய நிலத்தைப் பிடித்தவர் அதை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அது அவருடையது ஆகாது என்பது இன்றைய சட்டம். எருசலேமைப் பற்றிய வழக்குகள் எல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடக்கின்றன.

1517 முதல் 1917 வரை நானூறு ஆண்டுகள் எருசலேம் துருக்கிய சுல்தான்களின் ஆளுகையில் இருந்தது. அக்காலத்தில் நகரம் யாருடையது என்ற கேள்வி எழவில்லை. ஆனால் திருக்கல்லறை ஆலயத்தில் எந்தப் பீடம் யாருக்கு, எந்த விளக்கை யார் ஏற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்று கிறிஸ்தவ சபைகளுக்குள்ளேயே ஓயாத சண்டை. சொல்லவே வெட்கமாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். 1852-இல் சுல்தான் ஓர் ஆணையிட்டார்: இன்று யார் யாரிடம் எது எது இருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும். இதற்கு 'ஸ்டேட்டஸ் குவோ' என்று பெயர். 1878-ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கை இதனை உறுதிசெய்தது. ஆலய வாசலுக்கு மேலே ஒரு சன்னலின் கீழ் சிறிய மர ஏணி ஒன்று சாய்ந்து நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டுச் சித்திரத்திலும் அந்த ஏணி இருக்கிறது; இன்றைய புகைப்படத்திலும் இருக்கிறது. எல்லாச் சபைகளும் சம்மதித்தால் அன்றி அதை எடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆலயத்தின் வாசற்கதவைத் திறந்து மூடும் பொறுப்போ தலைமுறை தலைமுறையாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கிறது. சாவி கிறிஸ்தவர் எவரிடமும் இல்லாததால்தான் சண்டை குறைந்தது போலும்!

முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. 1917 டிசம்பர் 11-ஆம் நாள் ஆங்கிலத் தளபதி ஆலன்பி குதிரையை விட்டிறங்கி, யாப்பா வாசல் வழியாகக் கால்நடையாக நகருக்குள் வந்தார். பின்னர் சர்வதேச சங்கம் 1922-இல் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனின் பொறுப்பில் விட்டது. இதற்கு 'மாண்டேட்' என்று பெயர். சொந்தமாக அல்ல, காப்பாளராக மட்டும். இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் பிரிட்டன் போனபோது நகரை எவருக்கும் எழுதிக் கொடுக்க அதற்கு உரிமையில்லை.

யூதருக்கும் அரபியருக்கும் இடையே பகை முற்றி, பிரிட்டன் கைவிரித்து, விவகாரம் ஐக்கிய நாடுகள் சபைக்கு வந்தது. சபை அமைத்த விசாரணைக் குழுவில் இந்தியாவும் இருந்தது. பெரும்பான்மையோர் பாலஸ்தீனத்தை இரு நாடுகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். இந்தியா, ஈரான், யுகோஸ்லாவியா ஆகிய மூன்றும் பிரிக்க வேண்டாம், ஒரே கூட்டாட்சி நாடாக இருக்கட்டும், எருசலேம் அதன் தலைநகராகட்டும் என்றன. அவ்வாண்டு ஆகஸ்டில்தான் நம் நாடே இரண்டாகப் பிரிந்திருந்தது. பிரிவினையின் வேதனை தெரிந்த நாடு வேறு எப்படிச் சொல்லும்?

1947 நவம்பர் 29-ஆம் நாள் பொதுச் சபை வாக்கெடுத்தது. பிரிவினைக்கு ஆதரவாக 33 நாடுகள், எதிராக 13, நடுநிலையாக 10. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. இதுவே புகழ்பெற்ற 181-ஆம் தீர்மானம். இதன்படி ஒரு யூத நாடும் ஓர் அரபு நாடும் உண்டாகும். எருசலேமோ இரண்டிலும் சேராது. அது ஒரு தனி உடல். இலத்தீனில் 'கோர்ப்புஸ் செப்பராத்தும்' என்று எழுதினார்கள். 'கோர்ப்புஸ் கிறிஸ்தி' என்று நற்கருணைத் திருநாளைச் சொல்லிப் பழகிய நம் மடத்துச் சகோதரிகளுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தனி உடலின் எல்லை எருசலேமோடு நிற்கவில்லை. தெற்கே நம் ஆண்டவர் பிறந்த பெத்லகேம், மேற்கே ஸ்நாபக அருளப்பர் பிறந்த இடமென்று சொல்லப்படும் அயின் கரிம், கிழக்கே அபூ திஸ், வடக்கே ஷுஃபாத். இவையெல்லாம் அதற்குள் அடங்கும். தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்திக்கப் போன ஊரும் அயின் கரிம்தான் என்பது பாரம்பரியம். இப்பரப்பில் ஏறத்தாழ 1,00,000 யூதரும், 1,05,000 அரபியரும் பிறரும் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் பெயரால் ஓர் ஆளுநர் ஆள்வார். அவர் அந்த யூத நாட்டின் குடிமகனாகவும் இருக்கக்கூடாது, அரபு நாட்டின் குடிமகனாகவும் இருக்கக்கூடாது. பத்து ஆண்டுகள் கழித்து ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யும்போது குடிமக்களின் கருத்தும் கேட்கப்படும். படிக்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! யூதத் தலைவர்கள் திட்டத்தை ஏற்றார்கள். அரபு நாடுகள் மறுத்தன. ஆனால் அந்த ஆளுநர் பதவியில் அமரவேயில்லை. 1948 மே 14-இல் இஸ்ரேல் தன்னை நாடாக அறிவித்தது. மறுநாள் பிரிட்டனின் பொறுப்பு முடிந்தது. அரபு நாடுகளின் படைகள் புகுந்தன. போர் மூண்டது.

போர் ஓய்ந்தபோது நகரின் மேற்குப் பாதி இஸ்ரேலிடமும், பழைய நகரம் உட்பட்ட கிழக்குப் பாதி யோர்தானிடமும் இருந்தன. 1948 நவம்பர் 30-ஆம் நாள் இருதரப்புத் தளபதிகளும் ஒரு தேசப்படத்தை விரித்து, ஒருவர் பச்சைப் பென்சிலாலும் மற்றவர் சிவப்புப் பென்சிலாலும் தத்தம் படை நின்ற இடத்தைக் கோடிட்டார்கள். படத்தின் அளவு 20,000-க்கு ஒன்று. பென்சில் தடிமனானது, கோட்டின் அகலம் மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கணக்குத் தெரிந்த நம் மாணவியர் சொல்லட்டும், தரையில் அது அறுபது மீட்டர்! கோட்டுக்கு அடியில் வீடுகளும் தெருக்களும் அகப்பட்டுக்கொண்டன. இரு கோடுகளுக்கும் இடையே எவருக்கும் சொந்தமில்லாத நிலம் கிடந்தது. முள்வேலியும் கண்ணிவெடியும் நிறைந்த நிலம்.

அந்தக் கோட்டை ஒட்டி ஒரு கத்தோலிக்க மருத்துவமனை இருந்தது. 1950-களில் அங்கிருந்த ஒரு நோயாளி அம்மாள் சன்னலருகே இருமியபோது அவருடைய பொய்ப்பல் தவறி, யாருக்கும் சொந்தமில்லாத அந்த நிலத்தில் விழுந்துவிட்டது. பல்லை எடுக்க யார் போவது? ஐக்கிய நாடுகளின் அதிகாரிகளைக் கூப்பிட்டு, இருதரப்பு இராணுவத்துக்கும் சொல்லி, வெள்ளைக்கொடி பிடித்துக்கொண்டு கன்னியர்கள் குப்பை மேட்டில் இறங்கித் தேடினார்கள். கடைசியில் பல் அகப்பட்டது. ஒரு சகோதரி அதைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. இதைக் கேட்டபோது நாங்களும் சிரித்தோம். ஆனால் ஒரு பொய்ப்பல்லுக்கே இவ்வளவு பாடென்றால், கோட்டுக்கு அப்பால் தாயும் இப்பால் மகளுமாக அகப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பார்க்கலாம்.

பெரிய வியாழனன்று நாம் நினைவுகூரும் இராவுணவு அறை சீயோன் மலையில் இருக்கிறது. அது இஸ்ரேலின் பக்கம். அந்த உணவுக்குப்பின் ஆண்டவர் நடந்துபோன கெத்செமனித் தோட்டம் யோர்தானின் பக்கம். பத்தொன்பது ஆண்டுகள் அந்த வழியில் எவரும் நேராக நடக்க முடியவில்லை. யூதர் நிலை இன்னும் கடினம். 1949 ஏப்ரல் 3-இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டில், புனித இடங்களுக்குப் போக வழிசெய்வதாக எழுதியிருந்தும், மேற்குச் சுவருக்கு அவர்கள் வர விடப்படவேயில்லை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1964 சனவரியில் திருநாட்டுக்குத் திருப்பயணம் வந்தபோது, இஸ்ரேல் பகுதியைப் பார்த்து முடித்து, மாண்டெல்பாம் வாசல் என்ற காவற்கடவை வழியாக யோர்தான் பகுதிக்குத் திரும்பினார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்ததை நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நகரம் இரண்டாகிவிட்டதை உலகம் ஏற்றதா? இல்லை. 1949 டிசம்பர் 9-இல் பொதுச் சபை மீண்டும் கூடி, எருசலேம் தனி உடலே என்று 303-ஆம் தீர்மானத்தில் சொல்லிற்று. இஸ்ரேலோ தன் பாராளுமன்றத்தை அங்கே கொண்டுபோய், 1950 சனவரியில் எருசலேமே தன் தலைநகர் என்றது. அவ்வாண்டு ஏப்ரலில் யோர்தான் கிழக்குப் பாதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இந்த இணைப்பை ஏற்ற நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் ஒன்றான பிரிட்டனும் எருசலேமுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தது. ஆக, இரு பாதியும் இருவர் கையில். உரிமையோ ஒருவருக்கும் ஒப்புக்கொள்ளப்படவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1948 அக்டோபரிலும், மறுபடி 1949-இல் பெரிய வெள்ளியன்றும் சுற்றுமடல் எழுதி, நகருக்கும் சுற்றுப்புறத்துக்கும் சர்வதேச அந்தஸ்து வேண்டும் என்று கேட்டார்.

1967 சூனில் ஆறு நாள் யுத்தம் வந்தது. சூன் 7-ஆம் நாள் இஸ்ரேலியப் படை பழைய நகரைப் பிடித்தது. யூதர்கள் மேற்குச் சுவரடியில் நின்று அழுதார்கள். சுவருக்கு முன்னே இடம் வேண்டுமென்று மொரோக்கோ முஸ்லிம்களின் பழைய குடியிருப்பு சில நாட்களில் இடித்துத் தள்ளப்பட்டது, அங்கிருந்தவர்களும் அழுதார்கள். அம்மாத இறுதியில் இஸ்ரேல் தன் சட்டத்தையும் நிர்வாகத்தையும் கிழக்குப் பகுதிமேல் நீட்டியது. யோர்தான் காலத்துக் கிழக்கு நகரசபையின் பரப்பு ஏறத்தாழ 6 சதுர கிலோமீட்டர்தான். இஸ்ரேல் எடுத்துக்கொண்டதோ சுற்றியிருந்த 28 கிராமங்களின் நிலங்களையும் சேர்த்து ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர். எல்லாச் சமயத்தாரும் தத்தம் புனித இடங்களுக்குப் போகலாம் என்றும் அப்போது ஒரு சட்டம் செய்தார்கள்.

இங்கேதான் வழக்கின் நடு முடிச்சு இருக்கிறது. இஸ்ரேலின் வாதம் இது: "1948-இல் யோர்தான் கிழக்கு எருசலேமைப் பிடித்ததே சட்ட விரோதம். எனவே 1967-இல் நாங்கள் எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை. தற்காப்புக்காகப் போரிட்டு, உடையவர் இல்லாத நிலத்துக்கு வந்தோம். மூவாயிரம் ஆண்டாக இது எங்கள் தலைநகர்." இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய வாதமன்று, பெரிய சட்ட நிபுணர் சிலரே இதை எழுதியிருக்கிறார்கள். பாலஸ்தீனர் சொல்வது: "யோர்தானுக்கு உரிமை இல்லாதிருக்கலாம். அதனால் நிலம் உடையவர் அற்றதாகிவிடுமா? அங்கே குடியிருந்த மக்கள் நாங்கள் இருக்கிறோமே!" 1988-இல் அவர்கள் தங்கள் நாட்டை அறிவித்தபோது எருசலேமைத் தலைநகராகக் குறித்தார்கள்.

சர்வதேச அமைப்புகள் பெரும்பாலும் இரண்டாவது வாதத்தின் பக்கமே நின்றுள்ளன. பாதுகாப்புச் சபையின் 242-ஆம் தீர்மானம், 1967 நவம்பரில், போரினால் நிலம் சேர்ப்பது ஒப்புக்கொள்ளத்தக்கதன்று என்று முகவுரையிலேயே கூறியது. 1980 சூலை 30-இல் இஸ்ரேல், முழு எருசலேமும் தன் தலைநகர் என்று அடிப்படைச் சட்டம் இயற்றியதும், பாதுகாப்புச் சபை மூன்றே வாரத்தில் கூடி அச்சட்டம் செல்லாது என்றது. அது 478-ஆம் தீர்மானம். ஆதரவு 14, எதிர்ப்பு இல்லை, அமெரிக்கா நடுநிலை. எருசலேமில் தூதரகம் வைத்திருந்த நாடுகள் வெளியேற வேண்டும் என்றும் சொல்லிற்று. பதின்மூன்று நாடுகள் வெளியேறின. 2004 சூலை 9-இல் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், இஸ்ரேல் கட்டிய தடுப்புச் சுவரைப் பற்றிக் கருத்துரை வழங்கியபோது, கிழக்கு எருசலேம் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியே என்றது. 2024 சூலை 19-இல் அதே நீதிமன்றம் ஒரு படி மேலே போய், கிழக்கு எருசலேம் உட்பட்ட பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்ட விரோதம் என்று, பதினொருவருக்கு நால்வர் என்ற கணக்கில் கருத்துரைத்தது. கருத்துரை என்பது தீர்ப்பன்று. அமீனாவை அனுப்பி நிறைவேற்ற முடியாது. இஸ்ரேல் இதை ஏற்கவில்லை.

மேற்குப் பாதியின் கதை வேறு. அங்கே இஸ்ரேலின் பாராளுமன்றமும் அமைச்சகங்களும் இருக்கின்றன. பிற நாட்டுத் தூதர்கள் நியமனப் பத்திரத்தைக் கொடுக்க எருசலேமுக்குத்தான் போகிறார்கள். கொடுத்துவிட்டு டெல் அவிவுக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள்! நம் இந்தியத் தூதரகமும் டெல் அவிவில்தான் இருக்கிறது. நடைமுறையில் இஸ்ரேல் அங்கே ஆள்வதைப் பெரும்பாலான நாடுகள் ஏற்கின்றன. உரிமையைப் பற்றி இருவரும் பேசித் தீர்க்கும்வரை வாய் திறப்பதில்லை. 1993-இல் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்த ஓஸ்லோ உடன்பாட்டிலும் எருசலேம் கடைசியில் பேச வேண்டியது என்று ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கடைசி இன்னும் வரவில்லை.

காவல் படை இல்லாத சட்டத்தால் என்ன பயன் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். நாங்கள் கண்டுபிடித்த விடை: இந்தச் சட்டத்தின் பலம் கையெழுத்துப் போட மறுப்பதில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு எருசலேமில் ஓர் அமெரிக்கத் தம்பதிக்குக் குழந்தை பிறந்தது. அவனுடைய பாஸ்போர்ட்டில் பிறந்த நாடு 'இஸ்ரேல்' என்று எழுதும்படி பெற்றோர் கேட்டார்கள். அமெரிக்க அரசு மறுத்து, 'எருசலேம்' என்று மட்டும் எழுதியது, நாடு இல்லை! வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2015-இல் பெற்றோர் பக்கம் தோற்றது. ஒரு குழந்தையின் பாஸ்போர்ட்டில் ஒரு சொல் எழுத வல்லரசு ஒன்று பதினெட்டு ஆண்டுகள் தயங்கியது. 2017 டிசம்பர் 6-இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் எருசலேமை இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரித்து, 2018 மே மாதம் தூதரகத்தையும் அங்கே மாற்றியபின், 2020-இல்தான் அந்தச் சொல் எழுதப்பட்டது. அப்போது அந்தப் பிள்ளைக்கு 18 வயது.

அமெரிக்காவின் அங்கீகாரத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 128 வாக்குகளால் மறுத்தது. எதிர்த்தவை 9 நாடுகளே, நடுநிலை 35. இந்தியா 128-இல் ஒன்று. 2024 செப்டம்பரில் நீதிமன்றக் கருத்துரையை ஒட்டி வந்த தீர்மானத்தில் இந்தியா நடுநிலை வகித்தது. ஆஸ்திரேலியா 2018-இல் மேற்கு எருசலேமைத் தலைநகராக ஏற்று, 2022-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தூதரகத்தை அங்கே கொண்டுபோன நாடுகள் இன்றும் சிலவே.

தூதரகம், பாஸ்போர்ட் என்று பேசிக்கொண்டே போனால் அங்கே வாழ்பவர்களை மறந்துவிடுவோம். 1967-இல் இஸ்ரேல் எடுத்த குடிக்கணக்கில் கிழக்கு எருசலேமில் வீட்டில் இருந்தவர்களுக்கு 'நிரந்தர வாசி' என்று அடையாள அட்டை கொடுக்கப்பட்டது. அது குடியுரிமையன்று. குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். பெரும்பாலோர் செய்யவில்லை, செய்தால் தங்கள் நகரம் பிடிக்கப்பட்டதை ஒப்புக்கொண்டதாகும் என்று எண்ணி. நகரசபைத் தேர்தலில் வாக்கு உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் இல்லை. படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போய்ப் பல ஆண்டு தங்கிவிட்டால் பிறந்த ஊரில் வாழும் அனுமதியே பறிபோகலாம். 1967 முதல் இவ்வாறு 14,000-க்கும் அதிகமானோர் அதை இழந்திருக்கிறார்கள். யூதப் பெண்ணொருத்தி அதே ஊரிலிருந்து அதே கல்லூரிக்குப் போய் எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் அவளுக்கு இந்தப் பயமில்லை. அங்குள்ள நம் கத்தோலிக்கச் சகோதர சகோதரிகளில் அநேகர் இந்த அட்டைக்காரர்களே. பள்ளி முடித்து மேற்படிப்புக்கு எங்கே போகலாம் என்று நாம் மகிழ்ச்சியோடு பேசும் வயதில், போனால் திரும்பி வரலாமா என்று யோசிக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள்.

1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, பிடித்த நிலத்தில் தன் மக்களைக் குடியேற்றக்கூடாது என்று சொல்கிறது. கிழக்கு எருசலேமில் இன்று 2 லட்சத்துக்கும் அதிகமான இஸ்ரேலியர் குடியிருக்கிறார்கள். அவர்களிலும் அங்கேயே பிறந்து வளர்ந்த, வேறு வீடு அறியாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் எங்கள் கட்டுரை நேர்மையாகாது. நாள் ஆக ஆக முடிச்சு இறுகுகிறதேயன்றித் தளரவில்லை.

நம் திருச்சபை என்ன சொல்கிறது என்று சகோதரிகள் கேட்பார்கள். 1967-க்குப்பின் திருப்பீடம் நகரைத் தனி நாடாக்கக் கேட்பதை விட்டு, சர்வதேச உத்தரவாதம் உள்ள தனிச் சட்ட அமைப்பு ஒன்றைக் கேட்டு வருகிறது. நகரம் யார் ஆளுகையில் இருந்தாலும் மூன்று சமயத்தாரும் சம உரிமையோடு வாழவும் வழிபடவும் வேண்டும். அதற்கு உலகம் பிணை நிற்க வேண்டும் என்பதே கருத்து. இரண்டாம் அருள் சின்னப்பர் 1984-இல், அதுவும் ஒரு பெரிய வெள்ளியன்றே, இதைப் பற்றி மடல் எழுதினார். திருப்பீடம் 1993 டிசம்பரில் இஸ்ரேலோடும், 2000-த்தில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடும் உடன்படிக்கை செய்தது. 2017-இல் அமெரிக்க அறிவிப்பு வெளிவந்த அன்று காலையிலேயே, காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், ஐக்கிய நாடுகளின் தீர்மானங்களின்படி நகரின் நிலையை அப்படியே காக்குமாறு வேண்டினார். இன்றும் திருப்பீடத்துக்கு அங்கே இரண்டு பதவிகள்: இஸ்ரேலுக்குத் தூதர் ஒருவர், எருசலேமுக்கும் பாலஸ்தீனத்துக்கும் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி ஒருவர். பல காலமாக இரண்டு பதவியிலும் ஒரே பேராயர்தான் இருந்து வருகிறார். ஆள் ஒருவர், தொப்பி இரண்டு! எருசலேம் எந்த நாட்டிலும் சேராது என்ற பழைய நிலைப்பாடு அந்த இரண்டாவது தொப்பியில் இன்னும் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி எங்கள் ஆசிரியையிடம் கொடுத்தோம். முழுவதும் வாசித்துவிட்டு, "அப்படியானால் எந்த அணிக்கு மதிப்பெண்?" என்று கேட்டார்கள். கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது என்றோம் நாங்கள். 'இஸ்ரேல் தன் தலைநகர் என்று எதைச் சொல்கிறது?' என்று கேட்டிருந்தால் எருசலேம். 'பெரும்பாலான நாடுகளின் தூதரகங்கள் எங்கே இருக்கின்றன?' என்று கேட்டிருந்தால் டெல் அவிவ். 'எருசலேம் சட்டப்படி யாருடையது?' என்று கேட்டிருந்தால் இரு அணியும் மௌனமாக இருந்திருக்க வேண்டும். ஆசிரியை சற்று யோசித்து, இரு அணிக்கும் பாதிப் பாதி மதிப்பெண் போட்டார்கள். நகரத்தைப் பிரித்தது போலவே மதிப்பெண்ணையும் பிரித்துவிட்டார்களே என்று இரு அணியும் இன்னும் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.